சக்கை யாருக்கு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்படாதீர்கள். நான் பி.காம். படித்தவன், வட்டிக் கணக்கைத் தாண்டிப் போகமாட்டேன்.

இன்றிலிருந்து 200 வருஷம் கழித்து யாரோ ஒருவருக்கு ஒரு கோடி ரூபாய் நஷ்டம் வரப்போகிறது. காரணம், இன்றைக்கு நீங்கள் செய்கிற ஒரு காரியம். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இப்போதே ஒரு தொகையை பாங்கில் போட்டு வைக்க வேண்டும். வருஷத்துக்கு 5 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு போட வேண்டும்?

விடை: 578 ரூபாய்.

சந்தேகமிருந்தால் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஒரு கோடி ரூபாய் நஷ்டத்தின் இன்றைய மதிப்பு, ஒரு சின்னக் குடும்பம் ஹோட்டலில் டிபன் சாப்பிட்ட பில். 200 வருஷத்தை 1000 வருஷமாக்கினால் ஒரு பைசாகூடத் தேறாது.

கணக்கில் தப்பே இல்லை. உலகம் முழுக்க கம்பெனிகளும் அரசாங்கங்களும் பெரிய திட்டங்களை இப்படித்தான் எடை போடுகின்றன. ஆனாலும் மனசு முரண்டு பிடிக்கிறது, இல்லையா? எங்கேயோ இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க, நிஜமாகவே இந்தக் கேள்வி எழும் ஓர் இடத்துக்குப் போக வேண்டும். யுரேனியம் பிரித்தெடுக்கிற ஆலைக்கு.

யுரேனியம் என்றதும் நமக்கு அணுகுண்டு ஞாபகத்துக்கு வரும். அணு உலை வரும். அதற்கெல்லாம் முந்தி ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏனென்றால் அது பார்க்கச் சுவாரசியமாக இருக்காது. நம் அடுக்களையில் தேங்காய்ப் பால் எடுக்கிற மாதிரியான வேலைதான். சுரங்கத்திலிருந்து வரும் பாறையை உடைப்பார்கள். தண்ணீர் விட்டு மாவாக அரைப்பார்கள். பெரும்பாலான ஆலைகளில் கந்தக அமிலம் ஊற்றி ஊற வைப்பார்கள். யுரேனியம் கரைந்து வெளியே வரும். அந்தக் கரைசலைச் சுத்தம் செய்து, படிய வைத்து, காயவைத்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள். 'யெல்லோ கேக்' என்று பெயர். கேக் என்கிறார்களே தவிர, சாப்பிடுகிற சமாசாரம் இல்லை!

பாலை எடுத்தாயிற்று. சக்கை?

தேங்காயில் சக்கை ஒரு கைப்பிடிதான். இங்கே கதை தலைகீழ். ஜார்கண்ட் மாநிலத்தில், ஜாம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜாதுகுடா. இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கமும் ஆலையும் அங்கேதான். அங்கே கிடைக்கும் தாது மட்டமான ரகம். ஒரு டன் பாறை உள்ளே போனால் ஒரு கிலோ யுரேனியம்கூட வெளியே வராது. மீதி அத்தனையும் அமிலத்தில் ஊறிய சேறு. தொழிலில் இதை 'டெய்லிங்ஸ்' என்கிறார்கள். நாம் சக்கை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். நிறையப் பேருக்குத் தெரியாது. யுரேனியத்தை எடுத்துவிட்டால் சக்கையில் கதிரியக்கம் போய்விடும் என்றுதானே நினைப்போம்? போகாது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. காரணம், யுரேனியம் கோடானுகோடி வருஷங்களாகச் சிதைந்து சிதைந்து பெற்ற பிள்ளைகள் அந்தப் பாறைக்குள் இருக்கின்றன. தோரியம்-230, ரேடியம் என்று பெயர்கள். அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் சேற்றிலேயே கிடக்கின்றன. ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருஷம். தோரியம்-230 பாதியாகக் குறைய ஏறக்குறைய 75,000 வருஷம். தோரியத்திலிருந்து ரேடியம் பிறந்துகொண்டே இருக்கும். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு பிறந்துகொண்டே இருக்கும்.

பாறைக்குள் இருந்தபோது இதெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. மாவாக அரைத்த பிறகு பூட்டு இல்லை. காற்று தூக்கிக்கொண்டு போகலாம், மழை கரைத்துக்கொண்டு போகலாம்.

அதனால் காவல் வேண்டும். ஜாதுகுடாவில் சக்கையோடு சுண்ணாம்பு கலந்து அமிலத்தை முறிக்கிறார்கள். பெருமணலைப் பிரித்துச் சுரங்கத்துக்குள்ளேயே திருப்பி நிரப்புகிறார்கள். நைஸான சேறு குழாய் வழியாகக் கழிவுக் குளத்துக்குப் போகிறது. மலைகளுக்கு நடுவே கரை கட்டி உண்டாக்கிய குளம். அதிலிருந்து வழியும் தண்ணீரைச் சுத்திகரித்து, ரேடியத்தைப் பிரித்த பிறகே வெளியே விடுகிறார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே வேலை பார்க்கிற எஞ்சினியர்கள் சினிமா வில்லன்கள் இல்லை. அவரவர் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் குழாய் என்று இருந்தால் ஒருநாள் உடையும். 2006 டிசம்பர் 24-ம் தேதி உடைந்தது. சேறு பக்கத்து ஓடையில் கலந்தது.

சுற்றியிருக்கும் கிராமங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் சந்தால், ஹோ பழங்குடி மக்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உடம்பு கெடுகிறது என்பது அவர்கள் சொல்வது. அதற்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்பது அரசுத் தரப்பு சொல்வது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004-ல் மனு தள்ளுபடி ஆயிற்று. அந்த வாதத்துக்குள் நான் இப்போது இறங்கவில்லை. இரு தரப்பும் மறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது: சேறு அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் இருக்கும்.

'இதில் நமக்கென்ன? ஜார்கண்ட் எங்கே, நாம் எங்கே' என்கிறீர்களா?

கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. கல்பாக்கத்தின் பழைய இரண்டு உலைகள் அப்படியில்லை. அவை 1983-லும் 1985-லும் உயிர் பெற்றபோது நாட்டின் ஒரே பெரிய யுரேனிய ஆலை ஜாதுகுடாதான். அந்த மஞ்சள் தூள் ஹைதராபாத் போய், எரிபொருள் கட்டுகளாகி, கல்பாக்கத்துக்கு வந்தது. தொண்ணூறுகளில் சென்னையில் ஃபேன் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்த எல்லோரும் அதில் கொஞ்சம் பால் குடித்தவர்களே. சக்கை மட்டும் சந்தால் கிராமத்துக் குளத்தில்.

சரி, ஒரு கம்பெனி ஆலையை மூடிவிட்டுப் போனால் சக்கை என்ன ஆகும்? அதற்கு அமெரிக்காவில் ஒரு முழுக் கதையே இருக்கிறது. வரவு செலவு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை.

யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சின்ன ஊர். கொலராடோ நதிக்கரை. கையில் காசில்லாத சார்லி ஸ்டீன் என்ற நிலவியல்காரர் 1952-ல் அந்த ஊருக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்தார். ஒரே நாளில் லட்சாதிபதி என்பார்களே, அந்த ரகம். 1956-ல் ஊர் எல்லையில் ஆலை எழும்பியது. ஆரம்பத்தில் ஒரே வாடிக்கையாளர் அமெரிக்க அரசு, தேவை, அணுகுண்டு. 1962-ல் அட்லஸ் என்ற கம்பெனி ஆலையை வாங்கியது. 1984 வரை ஓட்டியது. பிறகு மார்க்கெட் படுத்துவிட்டது, ஆலையை மூடினார்கள்.

மிச்சம்? 130 ஏக்கரில் 1.6 கோடி டன் சக்கை. நதியிலிருந்து வெறும் 750 அடி தூரத்தில். அந்த நதித் தண்ணீரை நம்பிக் கீழே கோடிக்கணக்கான ஜனங்கள்.

அங்கேயே மண் போட்டு மூடிவிடுகிறோம் என்றது அட்லஸ். பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருந்தது. 1998-ல் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. சுத்தப்படுத்துவதற்காக அது கட்டியிருந்த ஜாமீன் சில பத்து லட்சம் டாலர். நிஜத்தில் ஆகக்கூடிய செலவோ நூறு கோடி டாலர் அளவில். கம்பெனி போன பிறகு அந்தச் சேற்று மலைக்கு டிரஸ்டியாக யாரை நியமித்தார்கள் தெரியுமா? பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ். உலகப் புகழ் பெற்ற ஆடிட்டர் நிறுவனம்! பாலன்ஸ் ஷீட்டில் டிக் அடிக்கிறவர்கள் சேற்று மலைக்குக் காவல். பி.காம். படித்த எனக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

2001-ல் அமெரிக்க அரசு அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. சக்கையை நதிக்கரையிலிருந்து அப்புறப்படுத்துவது என்று 2005-ல் முடிவெடுத்தார்கள். 48 கிலோமீட்டர் தள்ளி, நதி இல்லாத வறண்ட பூமியில் ஒரு பெரிய குழி வெட்டி, 2009-ல் ரயிலில் ஏற்ற ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்காக, வண்டி வண்டியாக. 2024-ல் கணக்கு 1.4 கோடி டன்னைத் தாண்டியிருந்தது.

28 வருஷம் ஓடிய ஆலை. பாலை வாங்கியவர் பனிப்போர் காலத்து அரசாங்கம். லாபம் பார்த்தவர்கள் கம்பெனியின் பங்குதாரர்கள். ரயில் டிக்கெட் எடுத்தது, ஆலை மூடிய பிறகு பிறந்த குழந்தைகள் வளர்ந்து கட்டிய வரியும் சேர்த்து.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். 'நீங்கள் சொல்வது ஒருதலைப்பட்சம் சார். அடுத்த தலைமுறைக்கு நாம் சக்கையை மட்டுமா விடுகிறோம்? மின்சாரத்தால் வந்த ஆஸ்பத்திரி, படிப்பு, ரோடு, விஞ்ஞானம் எல்லாவற்றையும்தானே விடுகிறோம்? நிலக்கரியை எரித்திருந்தால் புகையும் சாம்பலும் விட்டிருப்போம். எது தேவலாம்?'

நல்ல கேள்வி. இதற்கு நம் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அப்பா கடன் வைத்துவிட்டுக் காலமானால் பிள்ளை எவ்வளவு கட்ட வேண்டும்? அப்பா விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு. சொத்தே வரவில்லையென்றால் கடனும் இல்லை. எளிமையான நியாயம். வீட்டை எடுத்துக்கொள்கிறவன் வீட்டு மேல் இருக்கும் கடனையும் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த நியாயத்தைச் சக்கைக்குப் போட்டுப் பாருங்கள். சொத்து ஒரு வீட்டுக்குப் போகிறது, கடன் இன்னொரு வீட்டுக்குப் போகிறது. கல்பாக்கம் மின்சாரத்தில் படித்து முன்னுக்கு வந்தவரின் பேரன் எங்கேயோ இருப்பான். ஜாதுகுடா குளத்துக்குப் பக்கத்தில் இருக்கப்போவது சந்தால் பெண்ணின் பேரன். அவனுக்கு வந்த சொத்து எது?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1979 ஜூலை 16-ம் தேதி, நியூ மெக்ஸிகோவின் சர்ச் ராக் என்ற இடத்தில் யுரேனிய ஆலையின் கழிவுக் குளத்துக் கரை உடைந்தது. 1977-ல் ஓடத் தொடங்கிய ஆலை. சுமார் 1,100 டன் சக்கையும் 35 கோடி லிட்டர் அமிலத் தண்ணீரும் புவேர்க்கோ என்ற ஆற்றில் இறங்கின. நவஹோ பழங்குடி மக்கள் ஆடு மாடுகளைத் தண்ணீர் காட்டக் கூட்டிக்கொண்டு போகும் ஆறு அது. அதே வருஷம் மார்ச்சில் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து உலகத்துக்கே தெரியும். சர்ச் ராக் உங்களுக்குத் தெரியுமா? உலை நகரத்துக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. சக்கை ஆடு மேய்ப்பவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் 578 ரூபாய்க்குத் திரும்புவோம். எங்கே இடித்தது என்று தெரிகிறதா? என் பணத்தை நான் இன்றைக்குச் செலவழிப்பதா, பத்து வருஷம் கழித்துச் செலவழிப்பதா என்று தீர்மானிக்க வட்டிக் கணக்கு உதவும். இரண்டு பக்கமும் நான்தான். ஆனால் லாபம் எனக்கு, நஷ்டம் வேறொருவருக்கு என்றால்? அப்போது அந்தக் கணக்கு சொல்வது, 'இவ்வளவு எடுத்து வைத்தால் அவருக்கு ஈடுகட்டலாம்' என்பது மட்டும்தான். அந்த 578 ரூபாயை யார் எடுத்து வைத்தார்கள்? பேப்பரில் கழித்தோம், பாங்கில் போடவில்லை. போட்டிருந்தாலும் 200 வருஷம் அந்த பாங்க் உயிரோடு இருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்து ஒரு கிணற்றை மறுபடி நல்ல கிணறாக்க முடிய வேண்டும்.

நிஜமாகவே எடுத்து வைத்தவர்கள் உண்டா? ஒருவிதத்தில் உண்டு. அமெரிக்காவில் 1978-ல் ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி எழுதிய விதிகளின்படி, ஆலை நடத்துபவர் வேலையை முடித்துவிட்டுப் போகும்போது குறைந்தது 2,50,000 டாலர், 1978-ம் வருஷ மதிப்பில், அரசிடம் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு சதவீத வட்டி வரும், அந்த 2,500 டாலரில் வருஷா வருஷம் ஒருவர் போய்ச் சக்கை மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். என்றென்றைக்கும். முதல் கரையாது, வட்டியில் காவல்.

இதைப் படித்ததும் எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம்தான் வந்தது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த கணக்கு இருக்கிறது. பொதுவாக ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றை மேய்ப்பவர் தினம் ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். சந்திரரும் சூரியரும் உள்ளவரை விளக்கு எரியும் என்று எழுதி வைத்தார்கள். அமெரிக்கக்காரரின் ஒரு சதவீத வட்டியும் சாவா மூவா ஆடுதானே?

கோயில் இருக்கிறது. கல்வெட்டும் இருக்கிறது. அந்த ஆடுகள் எங்கே? ராஜ்ஜியங்கள் மாறின, ஊர்கள் கைமாறின, மேய்த்தவர் வம்சம் எங்கே போயிற்றோ. அவ்வளவு ஏன், அந்தக் கோயிலைக் கட்டியது ராஜராஜன் என்பதே ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டைப் படித்துச் சொன்ன பிறகுதான் உறுதியாயிற்று. எழுத்து கண் முன்னால் இருந்தது, படிக்கத் தெரிந்தவர் இல்லை.

சக்கை மேடு எத்தனை காலம் தாங்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது தெரியுமா? முடிந்தவரை 1000 வருஷம். எப்படியும் 200 வருஷத்துக்குக் குறையக்கூடாது. 1000 வருஷம் என்றால் கிட்டத்தட்ட ராஜராஜனுக்கும் நமக்கும் உள்ள தூரம். 75,000 வருஷத்தில் பாதியாகும் தோரியத்துக்கு அது ஒரு கொட்டாவி விடும் நேரம். சட்டம் எழுதியவர்களைக் கேலி செய்யவில்லை. 1000 வருஷத்துக்கு மேல் வாக்குக் கொடுக்க எந்த மனுஷனாலும் முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மட்டில் நேர்மை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? யுரேனியமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு விவாதம். அதில் நல்லவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் பால் குடிக்கிறவர்கள் மூன்று காரியங்களிலிருந்து தப்பிக்க முடியாது என்று தோன்றுகிறது.

ஒன்று, சக்கையின் செலவை லாபம் பிரிப்பதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். பேப்பரில் இல்லை, காசாக. அட்லஸ் கதையில் கடைசியில் கைக்குக் கிடைத்தது சில்லறை.

இரண்டு, காவல்காரர் தூங்கிப் போனாலும் ஆபத்தில்லாத மாதிரி புதைக்க வேண்டும். ஆடும் வட்டியும் ஒருநாள் நின்றுபோகும் என்று தெரிந்தே செய்ய வேண்டும். நதிக்கரையில் மண் போட்டு மூடினால் நாளை வெள்ளம் வரும்போது யாராவது ஓடிவர வேண்டும். வறண்ட பூமியில் பள்ளத்துக்குள் வைத்தால், நாளை மனிதர்களே மறந்துபோனாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். மோவாப்பில் ரயில் ஓடியதன் அர்த்தம் இதுதான். அடுத்தவர்களுக்கு விட்டுச் செல்லும் வேலையைக் குறைத்துவிட்டுப் போவதற்கு ஆகிற செலவு அது. அது நம் செலவு, அவர்கள் செலவு இல்லை.

மூன்று, யார் வீட்டுப் பக்கத்தில் வைக்கிறோமோ அவரிடம் கேட்க வேண்டும். பிறக்காதவர்களிடம் கேட்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜாதுகுடாவில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களிடம் கேட்கலாமே? கண் முன்னால் நிற்பவரிடம் கேட்காதவர்கள், 1000 வருஷம் கழித்து வரப்போகிறவர் மேல் அக்கறை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

அடுத்த முறை கரண்ட் பில் வரும்போது ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். யூனிட் இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, வரி இவ்வளவு என்று எல்லாம் இருக்கும். சக்கைக்கு இவ்வளவு என்று ஒரு வரி மட்டும் தனியாக இருக்காது. அந்தத் தொகையை யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பில் அவர்கள் பெயருக்குப் போகிறது, அவ்வளவுதான்.